சேவியரிடம் கேட்ட அனுமதிகள்

தூத்துக்குடியில் தனியாக வசித்த சேவியரின் கணினியில் புதிய பாதுகாப்பு மென்பொருள் ஒன்று வந்து அமர்ந்தது. முதலில் கோப்புகளைப் பார்க்க அனுமதி கேட்டது. பிறகு அவர் பேசுவதைக் கேட்க, வீட்டின் ஒவ்வொரு அறையையும் கவனிக்க, கடைசியாக அவருடைய கனவுகளைப் பார்க்க. எல்லாவற்றுக்கும் அவர் சம்மதித்தார்.

விஷயம் தெரிந்ததும் கனடாவிலிருந்து மகள் ஜெசிந்தா கத்தினாள். "வைரஸ் பிடிக்கிறதுக்கு உங்க கனவு எதுக்குப்பா? ஏன் சரின்னு சொன்னிய?"

"அதாச்சும் எங்கிட்ட கேக்குதும்மா. வீட்டை வித்து என்னை இந்த ஃப்ளாட்டுல கொண்டாந்து விட்டப்போ நீ கேக்கலியே."

ஜெசிந்தா வேலை இருப்பதாகச் சொல்லி அழைப்பைத் துண்டித்தாள்.

அதன்பின் மென்பொருளுக்குக் கேட்பதற்கு எதுவும் மிச்சமில்லை. அது மௌனமாகிவிட்டது. சேவியர் காலையில் வணக்கம் சொல்லிப் பார்த்தார். திரை அப்படியே இருந்தது.

மாலையில் அவர் தட்டுத்தடுமாறி, பால்கனியைப் பார்க்கத் தந்திருந்த அனுமதியை ரத்து செய்தார். உடனே குரல் வந்தது.

"ஐயா, உங்கள் பால்கனியைப் பார்க்கலாமா?"

சேவியர் நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்தார்.

"எதுக்குன்னு சொல்லு, கேப்போம்."