கடக ராசிக்கு மட்டும்

மனைவி பத்திரிகையைப் பிரித்ததும் அவர் டீக் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

ஏழாம் பக்கம், வார ராசிபலன். மேலே தாடியும் ஜடாமுடியுமாக ஒரு சாமியார் படம்.

அப்படி ஒரு சாமியார் உலகத்திலேயே கிடையாது. ஒன்பது வருஷமாக எழுதுவது அந்தப் பத்திரிகையின் உதவி ஆசிரியரான அவர்தான். ஆபீசில் மூன்று பேருக்குத் தெரியும். வீட்டில் மூச்சு விட்டதில்லை.

பதினோரு ராசிகளுக்குப் பழைய இதழ்களிலிருந்து எதையாவது உருவிப் போட்டுவிடுவார். கடகத்துக்கு மட்டும் உட்கார்ந்து, யோசித்து, அடித்துத் திருத்தி எழுதுவார்.

மனைவி கடகம்.

வெளியே அவர் மனைவியின் ஆசைக்குக் குறுக்கே நிற்காத மனிதர். “உன் இஷ்டம்மா” என்று நாலு பேர் முன்னால் சொல்லிச் சொல்லியே நல்ல பெயர் வாங்கியவர். குறுக்கே நிற்கிற வேலையைச் சாமியார் பார்த்துக்கொண்டார்.

கார் ஓட்டக் கற்றுக்கொள்ளக் கிளம்பினாள். ‘வாகனங்களில் எச்சரிக்கை’ என்று எழுதினார். மறுநாளே நிறுத்திவிட்டாள்.

முடியை வெட்டிக்கொள்ளப் போகிறேன் என்றாள். ‘தோற்றத்தில் மாற்றம் வேண்டாம்’ என்று எழுதினார். அன்று சாயங்காலமே தோள் வரை வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். அதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. பலித்ததை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதில் அவருக்கும் அவருடைய வாசகர்களுக்கும் வித்தியாசம் இல்லை.

இன்றைய விஷயம் பெரிது. வேறு ஊரில் ஓர் ஆய்வகத்துக்கு அவள் தலைமை. இரண்டு வருஷம். பத்து மணிக்கு ரயில், பெட்டி கட்டியாகிவிட்டது.

அவள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. போகாதே என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். கௌரவம் விடவில்லை.

அதனால் எழுதினார். ‘தூரப் பயணத்தில் கண்டம். புதிய பதவி பகையில் முடியும். இல்லமே சொர்க்கம்.’

அவள் நிதானமாகப் படித்தாள். முகம் மலர்ந்தது. பத்திரிகையை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

“உன் ராசிக்கு ரொம்ப மோசமா போட்டிருக்கே, பாக்கலையா?” என்றார்.

“அது கடகத்துக்குங்க. நான் தனுசு. பொருத்தம் வரலன்னு எங்கப்பா ஜாதகத்தையே மாத்தி எழுதிட்டார், உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற. இனிமே சொன்னா என்ன? தனுசுக்குப் பாருங்க, தயங்காம கிளம்பு, தடுக்கிறவங்க பேச்சைக் காதுல வாங்காதேன்னு போட்டிருக்கு! இந்தச் சாமி சொன்னா அப்படியே நடக்குதுங்க. மகராசன், நல்லா இருக்கணும்.”

தனுசுக்கு என்ன போட்டோம் என்றே அவருக்கு நினைவில்லை. படித்துப் பார்க்காமல் உருவிப் போட்டது.

சாமியாவது பூதமாவது, அத்தனையும் நான் அடித்த புளுகு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் நின்றாலும் நிற்பாள்.

அப்படியென்றால் கடகத்துக்கு மட்டும் ஏன் வாராவாரம் கண்டம் என்றும் கேட்பாள்.

அவர் பெட்டியைத் தூக்கிப் போய் வண்டியில் வைத்தார்.

ரயிலுக்கு நேரமாகிறது, சீக்கிரம் ஏறு என்று அவசரப்படுத்தியதும் அவர்தான்.