முழங்கால் வரை

அறையில் இருந்தவர்கள்:

அவள். கட்டிலில், வயிற்றில் தையலோடு.

அவளுடைய பெண் குழந்தை. தொட்டிலில், நீல விளக்குக்குக் கீழே, கண்கட்டோடு.

மதினி. புருஷனின் அக்கா. முக்காலியில்.

நர்ஸ். இப்போதுதான் உள்ளே வந்தவள்.

ஜன்னலுக்கு வெளியே, மினி பஸ் பிடித்துப் பிள்ளை பார்க்க வந்த பாதி ஊர்.

புருஷன் திருப்பூரிலிருந்து வந்துகொண்டிருந்தான். ஆகவே கணக்கில் இல்லை.

"மஞ்சள் எறங்கல," என்றாள் நர்ஸ். "சாயங்காலம் இன்னொரு தடவ பாப்போம். அப்பவும் எறங்கலன்னா திருநெல்வேலிக்கு அனுப்பிர வேண்டியதுதான். பிள்ளைய மட்டும். நீ இந்தத் தையலோட வண்டியில போக முடியாது."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சாரல் காலம். ஒரு வாரமாக வெயில் முகம் காட்டவில்லை. காட்டியிருந்தால் மதினி பிள்ளையை இளவெயிலில் பிடித்திருப்பாள். அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

இந்த விளக்கில் மதினிக்கு நம்பிக்கை இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டி மாதிரி கம்பீரம் கிடையாது. ஒரு கம்பிக் கால். அதன் தலையில் வரிசையாக நீல பல்புகள். ஒரு செல்போன் விலைகூட இருக்காது. கரண்ட் போனாலும் பேட்டரியில் எரியும். அதன் பெருமை அவ்வளவுதான்.

"கோயில் கொடைக்குக் கட்டுத சீரியல் செட்டு," என்றாள் மதினி. "இதுவா மஞ்சக்காமாலைய எறக்கும்?"

ஜன்னலுக்கு வெளியே சிரித்தார்கள்.

நர்ஸின் செருப்புச் சத்தம் தேய்ந்தது. மதினி பையிலிருந்து பழைய வேட்டித் துண்டை எடுத்தாள். குழந்தையின் கழுத்துக்குக் கீழே போர்த்தினாள்.

செருப்புச் சத்தம் திரும்பக் கேட்டால் உருவிவிடுவாள். நேற்றிலிருந்து இப்படித்தான்.

ஈரக்காற்று ஒரு காரணம். ஊர்க்கண் இன்னொரு காரணம்.

வேட்டி துவைத்துத் துவைத்து வலையாகிப் போயிருந்தது. அதற்குள் குழந்தை மின்மினி மாதிரித் தெரிந்தாள். வெளிச்சம் உள்ளே போகத்தானே செய்கிறது என்று கட்டிலில் கிடந்தவளும் நினைத்தாள்.

நினைக்காவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டாள். மதினியை எதிர்த்து அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. அதுவும், தன் ரத்தத் துணியைத் துவைத்துப் போடுகிற மனுஷியிடம் எந்த வாயால் பேசுவது?

பால் கொடுக்கும் நேரம்.

மதினி குழந்தையின் கண்கட்டை அவிழ்த்தாள். தூக்கி அவள் மடியில் வைத்தாள்.

ஜன்னல் வழியே பகல் வெளிச்சம் விழுந்தது.

மார் மஞ்சள். வயிறு மஞ்சள். தொடை மஞ்சள்.

நேற்றுப் பாதம் வரை இருந்த மஞ்சள், முழங்காலுக்குக் கீழே இல்லை.

அவள் கட்டைவிரலால் தொடையை அழுத்தி எடுத்தாள். மஞ்சள். கெண்டைக்காலை அழுத்தி எடுத்தாள். வெளுப்பு.

நடுவில் ஒரு கோடு. பாதிச் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டு ஆள் சாப்பிடப் போன மாதிரி.

வேட்டிக்கு வெளியே ராத்திரி முழுக்க உதைத்துக்கொண்டிருந்த கால்கள்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. தையல் சுள்ளென்று இழுத்தது. அதற்கும் சேர்த்துச் சிரித்தாள்.

"மதினி, சீரியல் செட்டு வேல செய்யுது."

மதினி குனிந்தாள். காலைப் பார்த்தாள். தொடையைப் பார்த்தாள். கையிலிருந்த வேட்டித் துண்டைப் பார்த்தாள்.

"சவத்து வேட்டி," என்றாள்.

சுருட்டி ஜன்னல் வழியே எறிந்தாள். யார் தலையிலோ விழுந்தது.

அன்று பகல் முழுக்கக் குழந்தை பிறந்தமேனிக்குக் கிடந்தாள். மதினி ஜன்னலை மறைத்து முந்தானையை விரித்துக்கொண்டு நின்றாள்.

"பொட்டப் பிள்ளைய அம்மணமா பாக்கவா பஸ் ஏறி வந்திய? போங்க, போயி டீயக் குடிங்க."

ஒருவரும் போகவில்லை.

சாயங்காலம் திருநெல்வேலிக்குப் போகிற ஆஸ்பத்திரி வண்டி வந்து வாசலில் நின்றது. நர்ஸ் குழந்தையின் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்துப் போனாள்.

குழந்தை அழுது ஓய்ந்தாள். வண்டியின் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

இன்ஜின் நின்றது.

பிறகுதான் நர்ஸ் வந்தாள்.

"நல்லா எறங்கியிருக்கு. வண்டி வேண்டாம். ஆனா விடியுற வரைக்கும் விளக்குக்குக் கீழயே கெடக்கட்டும். பாலுக்குத் தவிர தூக்கிராதிய."

மதினி குலவை போட்டாள்.

ஆஸ்பத்திரியில் குலவை போடக் கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. பக்கத்து அறையிலிருந்து முகம் தெரியாத ஒருத்தி பதில் குலவை போட்டாள். ஜன்னலுக்கு வெளியே பாதி ஊரும் போட்டது. நர்ஸ் காதைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

அதே வேகத்தில் மதினி விளக்குக்குக் கீழே கையை விட்டுக் குழந்தையை அள்ளினாள். முந்தானையில் சுற்றினாள்.

"வா தாயி. ஒன் மூஞ்சிய ஊருக்குக் காட்டுவோம்."

அவள் கட்டிலைவிட்டு இறங்கினாள்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். முந்தானைக்குள்ளிருந்து குழந்தையை எடுத்தாள். திரும்ப விளக்குக்குக் கீழே கிடத்தினாள். கண்ணைக் கட்டினாள்.

மதினியின் தோளில் கை வைத்தாள். மெதுவாகத்தான். வாசல்படி தாண்டும் வரைக்கும் எடுக்கவில்லை.

மதினி வாயைத் திறப்பதற்குள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.