கையெழுத்துப் போடாதவள்

தங்கையைத் திருப்பிப் படுக்க வைத்தபோது முதுகில் இருந்த புண்ணைப் பார்த்த அண்ணன் கொதித்துப் போனார்.

"மூணு வாரமா இந்தக் கல்லு மேலயா படுத்திருக்கா? இதை ஒரு மெத்தைன்னு ஆஸ்பத்திரிக்கு வாங்கினவனுக்கு மனசாட்சி இருக்கா?"

நர்ஸ் புண்ணுக்கு மருந்து போட்டபடியே சொன்னாள். "நாங்க காத்து மெத்தைதான் சார் கேட்டோம். டாக்டரும் எழுதிக் கொடுத்தாரு. விக்க வந்தவர் எங்க பக்கமே வரல, அவர் முகத்தைக்கூட நாங்க பாக்கல. நேரா பர்ச்சேஸ் ரூமுக்குப் போயி, விலை கம்மின்னு இதைத் தலையில கட்டிட்டாரு. 'படுக்கிறவங்களா கையெழுத்துப் போடப்போறாங்க'ன்னு சிரிச்சாராம்."

"அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்" என்ற அண்ணன், கட்டிலின் கால்மாட்டில் நின்ற தங்கை கணவரிடம் திரும்பினார். "என்ன மாப்பிள்ள, நீங்க வாயே திறக்க மாட்டேங்கறீங்க?"

அவர் தலையைக் குனிந்தபடி, தோளில் தொங்கிய ஆபீஸ் பையை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டார்.

படுத்திருந்தவள் மெல்லக் கையை நீட்டி, விலகிக் கிடந்த விரிப்பை இழுத்து மெத்தையின் ஓரத்தை மூடினாள். அங்கே தைத்திருந்த கம்பெனிப் பெயர்தான் அந்தப் பையிலும் இருந்தது. ஆர்டர் கிடைத்த அன்று, பர்ச்சேஸ் ரூமில் சொன்னதை அவர் வீட்டுக்கு வந்து சொல்லிக் காட்டியபோது, அவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

"விடுண்ணா" என்றாள். "மெத்தை நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் படுக்கத் தெரியல."