வாசிப்பதுபோல

ஆய்வுக்குழு வருகிற அன்று மட்டும்தான் கல்லூரி நூலகத்தின் கண்ணாடி அலமாரிகளைத் திறப்பார்கள். வெளுத்த சீருடைக்காரர்களை ஒதுக்கிவிட்டு, மற்ற பிள்ளைகளை ஆளுக்கொரு தடித்த புத்தகத்தோடு வாசிப்பதுபோல உட்காரவைப்பார்கள். தோழியின் சீருடையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு மாரிக்கனியும் உட்கார்ந்துவிட்டாள். கல்தூசி நுரையீரலை என்ன செய்யும் என்று சொல்லும் புத்தகம் அவள் கையில் இருந்தது. அவளுடைய ப்ராஜெக்ட்டே அதுதான். குவாரியில் கல் உடைத்த அப்பா வீட்டில் இருமிக்கொண்டு கிடக்கிறார். இந்தப் புத்தகத்தைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

குழு வந்தது, போட்டோ எடுத்தது, பிரியாணி சாப்பிடப் போனது. நூலகர் சாவிக்கொத்தோடு வந்து நின்றார்.

"நடிச்சது போதும், குடும்மா."

"இப்பதான் சார் படிக்கவே ஆரம்பிச்சேன். ப்ராஜெக்ட்டுக்கு வேணும்."

"இதெல்லாம் காட்டுறதுக்கு வாங்குனது. உங்க வீட்டுக்குப் போனா தூசிதான் படியும்."

அவர் புத்தகத்தைப் பிடித்து இழுத்தார். அவள் விடவில்லை. அட்டையின் முதுகு நறநறத்தது. சுற்றி இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

"ஏய், கிழியப்போவுது, விடு!" என்று கத்தினார் நூலகர்.

"நல்லா இழுங்க சார்," என்றாள் மாரிக்கனி. "பாதியாவது என் கையில நிக்கும்."