கிருஷ்ணம்மா ஏன் திட்டுவதில்லை?

“பெத்துப் போட்டுட்டு ஓடிட்டான். இவன்லாம் மனுசனா?”

ஒற்றை விரலால் தட்டித் தட்டி அதை முகநூல் குழுவில் போட்டார் குணாளன்.

மலேசியாவின் கூலாய் ஊரில் லோரி ஓட்டி ஓய்ந்தவர். மனைவி காலமாகிவிட்டாள். மருமகள் வேறு கல்யாணம் செய்துகொண்டு போனாள். மகன் போன இடமே தெரியவில்லை. ஏழு வயதுப் பேத்தி லோஷினி மட்டும் மிச்சம். பள்ளியில் சேர்க்கப் போனால், “அப்பா அம்மா கையெழுத்து எங்கே?” என்கிறார்கள்.

பேரப்பிள்ளைகளை வளர்க்கும் தாத்தா பாட்டிகளுக்கான குழு அது. பக்கத்து வீட்டு ரூபினி தேடிப் பிடித்துச் சேர்த்துவிட்டிருந்தாள்.

ஐந்தே நிமிடத்தில் ஆளாளுக்கு அவர் மகனை வறுத்தெடுத்தார்கள்.

குழுவை நடத்தும் கிருஷ்ணம்மா மட்டும் திட்டவில்லை.

“ஐயா, பேத்தியோட பிறப்புப் பத்திரம் கையில இருக்கா?” என்று கேட்டார்.

எந்த ஆபிஸ், எந்த விண்ணப்பப் பாரம், எத்தனை போட்டோகாப்பி என்று வரிசையாக எழுதினார். ‘எட்டு மணிக்கு முன்னாடியே போய் நம்பர் எடுத்துடுங்க. முட்டி வலி இருந்தா நாற்காலி கேளுங்க, குடுப்பாங்க.’

மூன்று மாதம் அலைந்தார் குணாளன். தாத்தாவே பாதுகாவலர் என்று கடிதம் கிடைத்தது. லோஷினி சீருடை போட்டாள்.

நன்றி சொல்லக் கூப்பிட்டால், கிருஷ்ணம்மா போனை எடுக்கவே இல்லை. ‘எழுதுங்க ஐயா, பதில் போடுறேன்’ என்று மட்டும் வந்தது.

“பெரிய எடத்து அம்மாவா இருக்கும்லா, அங்கிள். நம்மகிட்டலாம் பேசுவாங்களா?” என்றாள் ரூபினி.

குணாளனுக்கு மனசு கேட்கவில்லை. முட்டி வலி வரைக்கும் விசாரிக்கிற அம்மா, ஏன் பேச மாட்டேன் என்கிறார்? விட்டுட்டுப் போன பிள்ளைகளை ஒரு நாளாவது ஏன் திட்டுவதில்லை?

‘உங்கள நேர்ல ஒரு தடவ பாக்கணும்மா. அஞ்சே நிமிசம்.’

இரண்டு நாள் பதிலில்லை. மூன்றாம் நாள் ஒரு முகவரி மட்டும் வந்தது. பண்டார் தெங்காராவில் ஒரு வீடு.

கதவைத் திறந்த ஆணுக்கு நாற்பது வயதிருக்கும்.

“கிருஷ்ணம்மா அம்மாவப் பாக்கணும்.”

“அம்மா தவறி ரெண்டு வருசம் ஆச்சுங்க ஐயா.”

குணாளன் திகைத்தார். “அப்ப எனக்குப் பதில் போட்டது?”

“நான்தான். குரூப்பு அவங்க ஆரம்பிச்சது. கேக்குறவங்க கேட்டுக்கிட்டே இருந்தாங்க, மூட மனசு வரல.”

“ஆபிஸ் விவரமெல்லாம் எப்படித் தம்பி தெரியும்?”

“அவங்க போன்லயே இருக்கு. பேரன வெச்சுக்கிட்டு எங்கெங்க அலைஞ்சாங்கன்னு ஒண்ணு விடாம எழுதி வெச்சிருக்காங்க.”

“பெத்தவன் என்ன ஆனான்? அந்தப் பாவிக்கு இதெல்லாம் தெரியுமா?”

அவர் தலை குனிந்துகொண்டார்.

“அம்மா செத்தப்புறம்தான் படிச்சேங்கய்யா.”