தவநேசன் அண்ணையின் நெஞ்சுக் கருவி

கடைசியில் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனர்களே எடுத்து நடத்துகிறார்கள். வேலை செய்யும் எங்களுக்கு வீடும் உள்ளேயே. அப்படியிருக்க, எங்களோடு வேலை செய்யும் புனிதமலரின் புருஷன் தவநேசன் அண்ணை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வேலிக்கு வெளியே உப்புவெளிக்குப் போய் அறை எடுத்துக்கொண்டால் நாங்கள் சும்மா இருப்போமா? மாலையானால் இவள் சோற்றுப் பெட்டியோடு வாசலுக்கு ஓடுவாள். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் அவர் நின்று சாப்பிடுவார்.

"அண்ணைக்கு வெளியில ஆரும் இருக்கினமோ?" என்று நான்தான் இவளிடம் கேட்டேன். கேட்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

"நெஞ்சுக்குள்ள வைச்ச மெஷின் அமெரிக்கன்ர, அக்கா. அமெரிக்கன் சாமான் ஒண்டையும் சீனாக்காரர் உள்ள விடமாட்டினம், வாசலுக்குள்ள வந்தா அலாரம் அடிக்குது. மாத்தி வைக்க அவற்ற உடம்பு தாங்காதாம். நான் வெளியில தங்கினா வேலை போயிடும். பிறகு மருந்துக்கு எங்க போறது?"

கல்யாணமாகி இருபது வருடத்துக்குப் பிறகு வேலியோரக் காதல் என்று சிரித்தோம். மழையில் அவர்கள் ஒரே குடையைக் கம்பிக்கு மேலே பிடித்து நின்றதை ஊரெல்லாம் சொன்னவளும் நான்தான்.

ஆவணியில் அவர் அந்த அறையில் தனியே இறந்துபோனார். ஆஸ்பத்திரியில் கருவியைக் கழற்றிவிட்டுத்தான் சவப்பெட்டியில் வைத்தார்கள். வாசற்காவலாளி பெட்டியின் மேல் ஸ்கேனரை இரண்டு தரம் ஓட்டினான். சத்தமே இல்லை. வாசல் திறந்தது.

புனிதமலர் பெட்டியில் கை வைத்து, "இனி ஒருத்தரும் மறிக்கமாட்டினம். வீட்டுக்கு வாங்கோ" என்றாள்.