கோடு அசையவில்லை

"கோடு அசைஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டே லேபுக்குள் வந்தார் கணவர்.

"வந்ததும் வராததுமா இதே கேள்விதானா? செருப்பை வெளியில விட்டீங்களா?"

"விட்டாச்சு, விட்டாச்சு. நீ சொல்லு."

அவள் அந்த லேபில் நுண்ணுயிர் ஆராய்ச்சியாளர். அவர், பார்த்த வேலையை உதறிவிட்டு வீட்டுச் சமையலறையில் ஜூஸ் தயாரிப்பவர். அது புளிக்காமல் இருக்கத் தானே ஒரு பொடியும் கண்டுபிடித்திருந்தார். லேப் அறிக்கை கையில் இருந்தால் நாளைக்கு ஒரு பெரிய கடைக்காரர் ஆர்டர் தருவார். இல்லாவிட்டால் பழைய முதலாளி முன்னால் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

கம்ப்யூட்டர் திரையில் கோடு நீட்டிப் படுத்துக் கிடந்தது.

"கிருமி வளர்ந்தா சூடு வரும். துளி சூடு வந்தாலும் இந்த மெஷின் காட்டிக்கொடுத்துடும், கோடு மேல ஏறிடும். இது ஏறவே இல்லை."

"அப்போ என் ஜூஸ் புளிக்கலை?"

"அப்படித்தான் தெரியுது."

"கல்யாணமாகி இன்னிக்குத்தான் என்னை முதல்முறையா பாராட்டுறே."

"உங்களை எங்கே பாராட்டினேன்? பொடியைத்தான் பாராட்டினேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவளுக்கும் பெருமை தாங்கவில்லை. மனுஷன் சாதித்துவிட்டார்.

"குப்பியைக் கழுவி வெச்சுட்டு அறிக்கையில கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்று மெஷினிலிருந்து ஜூஸ் குப்பியை எடுத்து மூடியைத் திருகினாள்.

புஸ்ஸென்று நுரை பொங்கிக் கையுறையில் வழிந்தது. புளித்த வாடை மூக்கைத் துளைத்தது.

அவர் நுரையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உன் மெஷின் பொய் சொல்லுதா?" என்றார் அவர் மெதுவாக.

"மெஷின் என்ன பண்ணும்? ரெண்டு குப்பியை வெச்சு, இது அதைவிட எவ்வளவு சூடுன்னுதான் அது காட்டும். அதனாலதான் பக்கத்துக் குப்பியில தண்ணி மாதிரி சூடே வராத ஒண்ணை வைப்போம்." அவள் சட்டென்று நிறுத்தி அவரைப் பார்த்தாள். "அன்னிக்குப் போன் வந்ததுன்னு அந்தக் குப்பியை உங்களை நிரப்பச் சொல்லிட்டுப் போனேனே, அதுல என்ன ஊத்தினீங்க?"

"நீ சொன்னபடிதான் செஞ்சேன். புளிக்கவே புளிக்காத எதையாவது ஊத்தி மூடுங்கன்னு சொன்னே. அதான், நம்ம ஜூஸையே ஊத்தினேன்."